மறு: தேயாமலே கெட்டுப்போகும் டயருக்கு என்ன சொல்?

அன்புடையீர், வணக்கம்.

ஓடித் தேயாமல், நாள்பட்டே டயரின் ரப்பர் கெட்டுப்போவதற்கு (ஆங்கிலத்தில் tyre ageing) தமிழில் என்ன சொல்வது? வீட்டுவேன் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி) பராமரிப்புக் கையேட்டுக்காக நம் குழுவில் எழுந்த கேள்வி இது. டயரையே 'உருளிப்பட்டை' ஆக்கவேண்டுமா என்ற வழக்கை ஓரமாக வைத்துவிடலாம். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் வாகன உதிரிபாகக் கடைகளில் உருளிப்பட்டை கேட்பவர் வெறுங்கையோடுதான் திரும்புவார். வீட்டுவேனுக்கு 'கேரவன்' வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடு. சென்னையில் அது படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி.

> காலாவதி என்ற சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

காலாவதிக்கு முன்கூட்டியே குறித்த நாள் ஒன்று வேண்டும். மருந்து அட்டையில் அது உண்டு, டயரில் இல்லை. டயரின் பக்கச்சுவரில் பொறித்திருப்பது பிறந்த தேதி மட்டுமே. டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். முடிவு எப்போது என்பதை வெயிலும் சுமையும் காற்றழுத்தமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

> அப்படியானால் 'மூப்பு' போதுமே?

நல்ல சொல்தான், ஆனால் அதற்கு வேறு வேலை இருக்கிறது. ஒரே வாரத்தில் பிறந்த இரண்டு டயர்களில் ஒன்று கொட்டகை நிழலில் கிடக்கிறது, மற்றொன்று திருவான்மியூரில் திறந்தவெளியில் பல கோடைகளாக வெயில் காய்கிறது. இரண்டுக்கும் மூப்பு ஒன்றே, நிலை ஒன்றல்ல. ஆண்டுக்கணக்கை மூப்பு என்போம். ரப்பருக்கு நேர்வதற்குத் தனிச்சொல் வேண்டும்.

நேர்வது என்ன என்று பார்த்தால் சொல் தானே வரும். காற்றிலுள்ள ஆக்சிஜன் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளுக்கிடையே மேலும் மேலும் முடிச்சுகள் போடுகிறது. ரப்பர் இறுகி, வளையும் தன்மையை இழக்கிறது. ஓசோன் மேற்பரப்பைக் கீறுகிறது. இதைத் தடுப்பதற்காகவே ரப்பரில் மெழுகைக் கலக்கிறார்கள். சக்கரம் ஓடி நெளியும்போது அது மேலே கசிந்து காப்பாக நிற்கும். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியில் அந்த நெளிவே இல்லை. வாடகைக் காரின் டயர், சட்டம் சொல்லும் 1.6 மி.மீ. பள்ளத்துக்குத் தேய்ந்து முதலில் விடைபெற்றுவிடுகிறது. வீட்டுவேனின் டயரிலோ பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடுகள்) அப்படியே இருக்கும், பள்ளம் ஆழமாக இருக்கும், பார்க்கிறவர் புதிது என்றே நினைப்பார். கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் எந்நேரமும் ஏறியிருக்கும் வண்டி என்பதால் வெடித்தால் விபரீதம்.

என் பரிந்துரை: முற்றல்.

வெண்டைக்காய் முற்றினால் பச்சை குறையாது, பருமனும் குறையாது. ஒடித்துப் பார்த்தால்தான் தெரியும். உள்ளே இறுகிவிட்டது, வெளியே தெரியவில்லை என்ற இரண்டையும் இந்த ஒரு சொல்லே ஏந்திக்கொள்கிறது. முற்றிய தேங்காயைத் தேடி வாங்குகிறோமே என்று ஒருவர் கேட்கக்கூடும். கேட்கட்டும், டயரைச் சட்னிக்கு அரைப்பதில்லை. 'இற்றுப்போதல்' என்ற பரிந்துரையையும் தள்ளிவிடவேண்டாம். கயிறு இற்றுப்போவதைப் போல இழைகள் விட்டுப்போகும் கடைசிக் கட்டத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

சொல் கிளைவிடுகிறதா என்றும் பார்த்தேன். முற்றிய டயர், முற்றல் வெடிப்பு, முற்றல் தடுப்பி: நாக்கில் எதுவும் இடறவில்லை. நெடுநாள் ஒரே இடத்தில் நின்றதால் தரையைத் தொடும் பகுதி சப்பையாவதற்கு 'தட்டைத் தழும்பு' என்று சிலர் பரிந்துரைத்தார்கள். அந்தத் தட்டை பெரும்பாலும் சிறிது தூரம் ஓடிச் சூடேறியதும் மறைந்துவிடும். மறையாமல் தங்கிவிட்டதை மட்டும் தழும்பு என்பதே சரி.

ஸ்டெப்னிக்கு 'சேமச் சக்கரம்' என்பதை முழுமனதாக ஏற்கிறேன். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் உமணர்கள் உப்பு வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு போகும் 'சேம அச்சு' (மாற்று அச்சு) இருக்கிறதே! ஓடாமலே முற்றும் டயருக்குச் சேமச் சக்கரத்தைவிட நல்ல எடுத்துக்காட்டும் கிடையாது.

கையேட்டுக்கு என் வரைவு:

"டயரின் மூப்பு 5 ஆண்டைத் தாண்டிவிட்டால், பட்டன் தேயாவிட்டாலும் சேமச் சக்கரம் உட்பட எல்லாவற்றையும் ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்தவரிடம் காட்டி முற்றல் பார்க்கவும். பக்கச்சுவரில் முற்றல் வெடிப்பு கண்டால் மாற்றிவிடவும். எப்படியிருந்தாலும் 10 ஆண்டுக்கு மேல் ஓட்டவேண்டாம்."

மாற்றுச் சொல் வைத்திருப்பவர்கள் இதே பத்தியில் அதை இட்டு, ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.