புதுப்பிப்பு: திருப்பாதிரிப்புலியூர் அக்காவும் பிள்ளைகளும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்கு வெளியே இரண்டு பிள்ளைகளோடு படுத்திருந்த அக்காவைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். என்ன ஆச்சு என்று பலர் கேட்டிருந்தீர்கள். இப்போது மஞ்சக்குப்பத்தில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறார்கள்.

முதலில் பெண்கள் உதவி எண் 181-க்கு அழைத்தோம். பாதிக்கப்பட்ட பெண்களுக்காக அரசு நடத்தும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்க வைத்தார்கள். ஆனால் அங்கே பொதுவாக 5 நாள் வரைதான். அதற்குள் வேறு இடம் பிடிப்பதுதான் பெரும்பாடு. புருஷன் உடன் இல்லை என்றதுமே வீட்டுக்காரர்கள் முகம் மாறிவிடுகிறது. கடைசியில் முன்பணம் கேட்காமல் சாவியைக் கொடுத்தவர், தனி ஆளாகப் பிள்ளைகளை வளர்த்த ஒரு பாட்டி. அவர் நன்றாக இருக்க வேண்டும்.

பெரியவளைச் சேர்க்கப் போன பள்ளியில் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். வயதுச் சான்று இல்லையென்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம், 14-ஆம் பிரிவு. எடுத்துச் சொன்னதும் இரண்டாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். காலை உணவும் அங்கேயே. முதல் நாள் உப்புமாவைப் பாதி தின்றுவிட்டு, மீதியைத் தம்பிக்கு எடுத்துப் போகலாமா என்று டீச்சரிடம் கேட்டிருக்கிறாள்.

சின்னவன் அங்கன்வாடிக்குப் போகிறான். அக்கா துறைமுகத்தில் கருவாடு காயவைக்கும் வேலைக்குப் போகிறார். அடுத்தது ஆதாரில் முகவரி மாற்றம், அப்புறம் ரேஷன் கார்டு. பணம் இப்போதைக்கு வேண்டாம். பழைய கேஸ் அடுப்பு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.