மில்வாக்கி ஆரஞ்சு, வாபாஷ் நீலம்: பழைய பொம்மை ரயிலை வாங்கும் முன் கவிழ்த்துப் பாருங்கள்

மூன்றாம்_ரெயில்

சிகாகோவைச் சுற்றி ஓடிய ரயில்வேக்களின் நிறத்தில் வந்த பழைய பொம்மை ரயில்களைச் சேர்ப்பவர்கள் இங்கே சிலர் இருக்கிறோம். மில்வாக்கி ரோடு, ராக் ஐலண்ட், வாபாஷ், பர்லிங்டன், இலினாய் சென்ட்ரல் எல்லாம் இதில் சேரும். என்ஜினைக் கையில் எடுத்ததும் முதலில் எங்கே பார்க்கிறீர்கள், எது ஏமாற்றும், எதைச் சரிசெய்யலாம் என்று அவரவர் கண்டதைப் போடுங்கள். விலைப் பேச்சு வேண்டாம், அது மாதத்துக்கு மாதம் மாறும்.

லயனல் என்ற அமெரிக்க பொம்மை ரயில் நிறுவனத்தின் 2338-இல் தொடங்குகிறேன். மில்வாக்கி ரோடு ஜிபி7 டீசல், 1955-56-இல் வந்தது. ஆரஞ்சு பிளாஸ்டிக் கூடு, அதன்மேல் கறுப்பு பெயின்ட். பரவலாகக் கிடைப்பதில் கேபின் கறுப்பு. ஆரஞ்சுப் பட்டை கேபினில் அறுந்து, அந்தப் பக்கம் மறுபடி தொடங்கும். அரிதானதில் பட்டை கேபினையும் கடந்து ஓடும். கறுப்பை எடுத்தால் அடியில் ஆரஞ்சு தானாகவே வந்துவிடும் என்பதால்தான் இந்த அரிய வகையை எளிதில் நம்பக் கூடாது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பட்டையின் ஓரத்தைப் பாருங்கள். தொழிற்சாலையில் மறைப்புத் தகடு வைத்து அடித்த பெயின்டுக்கு ஓரத்தில் மெல்லிய மேடு இருக்கும். சுரண்டியெடுத்ததில் ரிவெட் மொட்டுகளின் அடியில் கறுப்பு தங்கியிருக்கும், கேபின் பக்கத்தின் பளபளப்பும் மற்ற இடத்தோடு ஒத்துப்போகாது.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. என்ஜினைக் கவிழ்த்து மூக்கருகே கொண்டுபோய் முகருங்கள். ஹார்னுக்காக உள்ளே ஒரு டி அளவு பேட்டரி போடுவார்கள். பலர் அதை அப்படியே மறந்து அறுபது வருடம் விட்டிருப்பார்கள். அது ஒழுகியிருந்தால் புளித்த உலோக வாடை வரும். சேசிஸில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். மேல்கூடு புதுசுபோல மின்னும் என்ஜினிலும் இது இருக்கும், ஏனென்றால் பெட்டியைவிட்டு வெளியே எடுக்காமல் வைத்ததுதான் மேலே மின்னக் காரணம்.

டி_செல்

மேலே சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். ஒழுகிய பேட்டரி எந்த வகை என்று தெரிந்துகொண்டு துடைக்க வேண்டும். பழைய கார்பன்-துத்தநாக செல் கக்குவது அமிலத்தன்மை கொண்டது, அதற்குச் சமையல் சோடா கரைத்த தண்ணீர். அல்கலைன் செல் கக்குவது காரம், அதற்கு வினிகர். இரண்டையும் மாற்றிப் போட்டால் பூத்தது அப்படியே கிடக்கும், ஈரம் மட்டும் கூடும். பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்து, பிறகு சுத்தமான தண்ணீரில் ஒருமுறை, உடனே ஹேர் டிரையரின் இளஞ்சூட்டில் காயவையுங்கள். பிளாஸ்டிக் கூட்டின் பக்கம் அந்தச் சூட்டைக் காட்டாதீர்கள்.

செல்லைத் தொடும் தகடு தின்னப்பட்டு மெலிந்துபோயிருந்தால் அதை மாற்றித்தான் ஆக வேண்டும், அந்த உதிரி கிடைக்கிறது. சேசிஸில் குழி விழுந்திருந்தால் அதை நிரப்பி மறைக்காமல் துருவை மட்டும் எடுத்து, மெல்ல எண்ணெய் பூசி விடுவதே நல்லது என்பது என் கருத்து. மறைத்தது அடுத்தவர் கைக்குப் போகும்போது மோசடியாகிவிடுகிறது.

ஹார்ன் விஷயத்தில் இன்னொன்று. தண்டவாளத்தில் ஏசி ஓடிக்கொண்டிருக்க, டிரான்ஸ்பார்மரின் விசில் கட்டை அதன்மேல் கொஞ்சம் டிசியை ஏற்றும். என்ஜினுக்குள் இருக்கும் ரிலே அந்த டிசியில் மட்டும் இழுத்துக்கொண்டு பேட்டரியை ஹார்னோடு இணைக்கும். ஆகவே ஹார்ன் ஊதாவிட்டால் பேட்டரியை மட்டும் குறை சொல்லாமல் ரிலேயின் தொடுமுனையையும், டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் ரெக்டிஃபயரையும் பாருங்கள்.

ஹயவாதா_ஆரஞ்சு

இரண்டாம் உலகப் போருக்கு முந்தையதைத் தேடுகிறவர்கள் சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும். மில்வாக்கி ரோடு தன் ஹயவாதா விரைவு ரயிலை சிகாகோவுக்கும் இரட்டை நகரங்களான மினியாபொலிஸ்-செயின்ட் பாலுக்கும் இடையே ஓட்டத் தொடங்கியது 1935 மே 29. அதே ஆண்டு லயனல் 250ஈ என்ற என்ஜினையும், 782, 783, 784 என்ற மூன்று பெட்டிகளையும் அதன் சாயலில் கொண்டுவந்தது. பெட்டிகள் ஒன்றோடொன்று போகியை, அதாவது அடியில் உள்ள சக்கரத் தொகுதியை, பகிர்ந்துகொண்டு ஓடும் வகை. 31 அங்குல விட்டமுள்ள சாதாரண ஓ31 வளைவில் இவை திரும்பாது, 72 அங்குல விட்டமுள்ள ஓ72 வட்டம் வேண்டும். அறையில் இரண்டு மீட்டர் சதுரத்துக்கு மேல் இடம் இல்லை என்றால் இதை ஓடவிட முடியாது, அலமாரியில் வைத்துப் பார்க்கலாம்.

அந்தக் காலத்துச் சக்கரங்கள் பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. கலவையில் ஈயம் போன்ற கலப்படம் கொஞ்சம் சேர்ந்துவிட்டாலும், உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரிப்பு ஓடி, வார்ப்பு உப்பி, விரிசல் விட்டு, கடைசியில் பிஸ்கட் போலப் பொடியும். ஈரக் காற்று இதை வேகப்படுத்தும். பார்க்கும் விதம்: சக்கரத்தை மெல்லச் சுற்றி, விளிம்பில் விரல் நகத்தை ஓட்டுங்கள். மயிரிழை போன்ற கோடுகள் நகத்தில் தட்டும். இரண்டு சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் இருந்தால் வார்ப்பு உப்பியிருக்கிறது என்று அர்த்தம். பசையோ, எபாக்ஸியோ இதை நிறுத்தாது. சக்கர இழுப்பான் கருவியால் பழைய சக்கரத்தைக் கழற்றி, புது வார்ப்புச் சக்கரத்தை அச்சில் அழுத்தி ஏற்றுவதுதான் வழி. சுத்தியலால் தட்டினால் அச்சு வளைந்துவிடும்.

ஒரு பெட்டிக்கு வந்த இந்த நோய் பக்கத்துப் பெட்டிக்குத் தொற்றும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. தொற்றாது. ஒரே வார்ப்புத் தொகுதியில் வந்தவை ஒரே சமயத்தில் பொடிவதால் அப்படித் தோன்றுகிறது.

1934-இல் டென்வரிலிருந்து சிகாகோவுக்கு 13 மணி 5 நிமிடத்தில் ஓடிய பர்லிங்டன் செஃபிர் ரயிலை அமெரிக்கன் ஃப்ளையர் என்ற பொம்மை நிறுவனம் அலுமினிய வார்ப்பில் செய்தது. அலுமினியத்துக்கு இந்த நோய் இல்லை. ஆனால் அதைப் பாலிஷ் போட்டு மெருகேற்றிவிட்டார்கள் என்றால் பழைய மேல்தளம் போனது போனதுதான்.

தகரப்பெட்டி

மார்க்ஸ், ஹாஃப்னர் தகர ரயில்களுக்கு ஒரே வரி: அச்சிட்ட தகரத்தின்மேல் ஆல்கஹால், தின்னர், பெட்ரோல் எதுவும் படக்கூடாது. வண்ணம் பஞ்சிலேயே வந்துவிடும். மிதமான சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் ஒற்றி, காயவைத்து, மெழுகு மெல்லிசாகப் போடுங்கள்.

கம்யூட்டேட்டர்

மோட்டார் சுத்தம் பற்றி ஒருவரும் எழுதவில்லை. விரிவாகப் போடுகிறேன், ஏனென்றால் "ஓடாது" என்று விற்கப்படும் என்ஜின்களில் எரிந்துபோனவற்றைவிட அழுக்கடைந்தவைதான் அதிகம்.

போருக்குப் பிந்தைய லயனலில் ஆர்மேச்சரின், அதாவது மோட்டாரில் சுழலும் பகுதியின், முகத்தில் மூன்று செப்புத் துண்டுகள் இருக்கும், அதுதான் கம்யூட்டேட்டர். அதன்மேல் இரண்டு கார்பன் பிரஷ்கள் ஸ்பிரிங்கில் அழுத்திக்கொண்டிருக்கும். பிரஷ் தட்டைக் கழற்றும்போது ஒரு கைக்குட்டையை மேலே போர்த்திக்கொள்ளுங்கள், ஸ்பிரிங் பறந்தால் துணிக்குள்ளேயே நிற்கும். ஆர்மேச்சரை வெளியே எடுக்கும் முன் அடியில் இருக்கும் வாஷர்களும் சிறு குண்டும் எந்த வரிசையில் இருக்கின்றன என்று கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். ஒரு வாஷர் இடம் மாறினாலும் பல்சக்கரம் இறுகிக்கொள்ளும்.

செப்பு முகத்தைப் பென்சில் ரப்பரால் தேயுங்கள். ரப்பருக்கு அசையாத கறுப்புக்கு மட்டும் மிக மெல்லிய மணல்தாள். இரும்பு நார் வேண்டவே வேண்டாம். துண்டுகளுக்கு இடையே உள்ள மூன்று காடிகளையும் பல்குச்சியால் கீறி எடுங்கள். அங்கே எண்ணெயும் கார்பன் தூளும் சேர்ந்து ஒரு கறுப்புப் பசை இருக்கும். அது மின்சாரம் கடத்தும், அதனால்தான் மோட்டார் முனகிக்கொண்டே சூடாகி நகராமல் நிற்கிறது. பிறகு ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒருமுறை துடைக்கவும். ஒவ்வொரு பேரிங்குக்கும் ஊசிமுனையில் ஒரே ஒரு துளி எண்ணெய், பல்சக்கரத்துக்குக் கொஞ்சம் கிரீஸ். கம்யூட்டேட்டரில் எண்ணெய் விடாதீர்கள், இந்தப் பசைக்குக் காரணமே அதுதான்.

அடுத்தது ஈ-யூனிட், அதாவது முன், நிறுத்தம், பின், நிறுத்தம் என்று மாற்றும் சுருள். இதில் ஒரு இரும்புத் தண்டு மின்சாரம் வந்தால் மேலே இழுபடும், நின்றால் தன் எடையில் கீழே விழும். என்ஜினை மேசையில் கவிழ்த்துப் போட்டுச் சோதித்தால் தண்டு விழாது, மாறவும் மாறாது. இதைப் பழுது என்று நினைத்து நல்ல ஈ-யூனிட்டைப் பிடுங்கி எறிகிறார்கள். நிமிர்த்திப் பிடித்துச் சோதியுங்கள். அப்போதும் மாறவில்லை என்றால் பழைய எண்ணெய் தண்டை ஒட்டவைத்திருக்கும். காண்டாக்ட் கிளீனர் அடித்து ஊறவிட்டு, காய்ந்ததும் ஏழெட்டு முறை ஏற்றி இறக்குங்கள். இங்கேயும் எண்ணெய் கூடாது.

நேர்கோடு

இரும்பு நார் பற்றிச் சொன்னது தண்டவாளத்துக்கும் பொருந்தும். 1950-லிருந்து லயனல் என்ஜின் சக்கரங்களைக் காந்தமாக்கியது, தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்வதற்காக. தண்டவாளத்தை இரும்பு நாரால் தேய்த்தால் துகள்கள் சக்கரத்தில் ஏறி, அங்கிருந்து மோட்டாருக்குள் போகும். பச்சை நிற நைலான் தேய்ப்பான், பிறகு ஆல்கஹால் துணி, போதும்.

பெட்டிக்காரன்

சரக்குப் பெட்டி பற்றி. லயனலின் 6464 வரிசையில் அமெரிக்க மத்திய மேற்கு ரயில்வேக்களைச் சேர்ப்பவர்களுக்குத் தொடக்கம் 1953: 6464-25 கிரேட் நார்தர்ன் ஆரஞ்சு, 6464-50 மினியாபொலிஸ் அண்டு செயின்ட் லூயிஸ், 6464-75 ராக் ஐலண்ட் பச்சை. கதவையும் போகியையும் சேர்த்துப் பார்த்தால் காலம் தெரியும். தொடக்க வருடங்களில் கதவு ஒரே பெரிய சதுரம், பிறகு பல கட்டங்கள் கொண்டது. போகி முதலில் உலோகம், 1957-லிருந்து பிளாஸ்டிக். பழைய உடலில் பிளாஸ்டிக் போகி இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஆனால் ராக் ஐலண்டில் மட்டும் அவசரப்படாதீர்கள், 1969-இல் அதே எண்ணில் மறுபடி வந்தது. அதில் பல கட்டக் கதவும் பிளாஸ்டிக் போகியும் இருப்பதுதான் சரி.

அந்தப் பச்சைப் பெட்டியின் பொன்னிற எழுத்து விரலால் தேய்த்தாலே மங்கும். "லேசாகத் துடைத்தேன்" என்று விற்பவர் சொன்னால் பக்கவாட்டு வெளிச்சத்தில் எழுத்தை ஒவ்வொன்றாகப் பாருங்கள். திரும்பப் பெயின்ட் அடித்ததைக் கண்டுபிடிக்கப் புற ஊதா டார்ச் உதவும். புதுப் பெயின்ட் பழையதைப் போல ஒளிராது, திட்டுத் திட்டாகத் தெரியும்.

டி_செல்

ஊருக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. லயனல் இசட்-டபிள்யூ (ZW) போன்ற டிரான்ஸ்பார்மர்கள் 115 வோல்ட், 60 சைக்கிளுக்கு (ஹெர்ட்ஸ்) செய்தவை. சென்னையில் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் சுருள் எரியும். 230-ஐ 110 ஆக்கும் ஸ்டெப்டவுன் போட்டாலும் வேலை முழுக்க முடியவில்லை. நம்மூர் 50 சைக்கிள் என்பதால் அதே வோல்ட்டில் இரும்பு உள்ளகம் அதிகமாக நிறைந்து கூடுதலாகச் சூடாகும். 60-க்கு 50 என்ற விகிதத்தில் 115 வோல்ட் என்பது 96 ஆகிறது. அதற்கு நெருங்கி வரும் 100 வோல்ட் ஸ்டெப்டவுன் 110-ஐவிடப் பாதுகாப்பு. மின்கம்பியின் ரப்பர் உறையை இரண்டு இடத்தில் மடக்கிப் பாருங்கள், வெடித்தால் முதலில் அதை மாற்றுங்கள். பழைய சர்க்யூட் பிரேக்கர் மெதுவாகத்தான் விழும், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் வேகமாக விழும் ஒரு பிரேக்கரை வெளியே சேர்த்துக்கொள்ளுங்கள்.

புது_வண்டி

லயனலின் இலினாய் சென்ட்ரல் எஃப்3 டீசல், 2363-இன் பி யூனிட் (ஓட்டுநர் கேபின் இல்லாத பாதி) மட்டும் தனியாக வந்திருக்கிறது. ஏ யூனிட் (கேபின் உள்ள பாதி) என்னிடம் இருக்கிறது. வாங்கலாமா அண்ணா?

மூன்றாம்_ரெயில்

முதலில் உங்கள் ஏ யூனிட்டின் எழுத்தை வெயிலில் பாருங்கள் தம்பி. 2363 கறுப்பு எழுத்திலும் வந்திருக்கிறது, பழுப்பு எழுத்திலும் வந்திருக்கிறது. அறை விளக்கில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். ஏ, பி இரண்டிலும் எழுத்து ஒரே நிறமாக இருந்தால் மட்டும் ஜோடி. 2378 மில்வாக்கி ரோடு ஜோடிக்கும் இதே கதை: கூரை ஓரத்தில் மஞ்சள் கோடு உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. ஏ-யில் கோடு இருந்து பி-யில் இல்லை என்றால் பிறகு யாரோ சேர்த்தது.

பி யூனிட்டில் மோட்டார் கிடையாது, கூடும் சேசிஸும்தான். அதனால் புதிதாக வார்த்த கூட்டைப் பழைய சேசிஸில் மாட்டுவது எளிது. திருகைக் கழற்றிக் கூட்டின் உட்புறத்தைக் காட்டச் சொல்லுங்கள். பழைய கூட்டின் உள்ளே பெயின்ட் தூவல் மங்கிப்போய்த் தூசி படிந்திருக்கும், திருகு போன தடமும் தேய்ந்திருக்கும். ஓட்டையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். திரும்ப மாட்டும்போது திருகு முட்டியதும் நிறுத்திவிடுங்கள், அதற்குமேல் கால் சுற்று போனால் விரிசல் விடும்.