ஃபிடில் லீஃப் (வயலின் வடிவப் பெரிய இலைச் செடி) இலை கொட்டுது: நீங்க பார்த்ததைச் சொல்லுங்க

அடையாறு பால்கனி

நாலரை அடிச் செடி, 12 இன்ச் தொட்டி, கீழிருந்து மேலாக இலை உதிருது. நடு இலையில் கரும்பழுப்புத் திட்டு. இது வேர் அழுகல்னு எல்லாருக்கும் தெரியும், அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். தொட்டியைச் சாய்ச்சு உருவினா வெளிச்சுற்றில் கொக்கோபீட் (தென்னைநார்த் துகள்) பொலபொலன்னு காய்ஞ்சு கிடக்கு. நடுவில் நர்சரி கவர்ல இருந்த செம்மண் உருண்டை உடையாம களியா இருக்கு, புளிச்ச வாடை. கறுத்த வேரைப் பிடிச்சு இழுத்தா தோல் உருவிக்கிட்டு வந்து உள்ளே நூல் மட்டும் மிச்சம். அந்தக் காட்சிதான் இன்னும் கண்ணுலேயே நிக்குது.

இதுல கோளாறு என்னன்னா, விரலை ஓரத்தில் விட்டுப் பார்க்கிறோம். அங்க காய்ஞ்சிருக்கு, ஊத்துறோம். நடு உருண்டை காயவே வழியில்லை. தென்னந்துடைப்பக் குச்சி ஒண்ணைத் தண்டுக்கு ரெண்டு இன்ச் தள்ளி அடிவரை இறக்கி, பத்து நிமிஷம் கழிச்சு உருவிப் பாருங்க. நுனியில் ஈரமண் ஒட்டினா தண்ணி வேண்டாம்.

அழுகினதுக்கு ஒரே வழிதான்: செம்மண்ணை வாளித் தண்ணியில் கரைச்சு எடுத்து, ஸ்பிரிட்டில் துடைச்ச கத்திரியால கறுத்த வேரை வெட்டி, மிஞ்சின வேருக்குத் தக்க சின்னத் தொட்டியில் வைக்கணும். அலசின கொக்கோபீட் 2 பங்கு, பெர்லைட் (வெள்ளையா, லேசா இருக்கும் கல்துகள்) 1, கரித்துண்டு 1, மண்புழு உரம் 1. குருத்து விடும்வரை வேறு உரம் கிடையாது.

கோவை நிழல்வலை

மேல சொன்னதைப் படிச்சிட்டு நல்லா இருக்கிற செடியோட வேரையும் யாரும் அலசிடாதீங்க. ஆரோக்கியமான வேரைக் கழுவினா மெல்லிய உறிஞ்சு வேர்கள் அறுந்து, அதுக்கே இலை கொட்டும். உருண்டையின் வெளிப்பக்கத்தைக் குச்சியால கிளறிவிட்டாலே போதும்.

நான் பார்த்தது வேற. விரிஞ்ச குருத்து இலை முழுக்க மிளகாய்த்தூள் தூவின மாதிரி சிவப்புப் புள்ளி. பூஞ்சைனு நினைச்சு கார்பென்டசிம் பூஞ்சைமருந்து அடிச்சிருக்காங்க. அடுத்த குருத்திலும் அதே புள்ளி. அது நோயே இல்லை. நல்லா காயவிட்டுட்டு ஒரே அடியா ஊத்தும்போது இளம் இலையின் செல்கள் நீர் ஏறி வெடிக்குது, அந்தத் தழும்புதான் அது. இலை பெருசாக ஆக மங்கிடும். மருந்து வீண், தண்ணி சீரானா அடுத்த இலை சுத்தமா வரும்.

சந்தேகமிருந்தா வெள்ளை டிஷ்யூவால இலையின் அடிப்பக்கம் துடைங்க. செம்பழுப்புக் கோடு விழுந்தா அது செம்பேன் (சாறு உறிஞ்சுற சிலந்திப் பேன்). அப்ப 1 லிட்டர் தண்ணி, 5 மில்லி வேப்பெண்ணெய், 2 மில்லி திரவ சோப்பு. சாயங்காலம், அடிப்பக்கம் நனைய, வாரம் ஒருமுறை மூணு தடவை.

வேளச்சேரி 3வது மாடி

இலை ஓரம் மட்டும் கருகுதா? மண் மேல வெள்ளைப் பொருக்கு இருக்கான்னு பாருங்க. ஒரு வீட்டில் ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணியை வீணாக்கக் கூடாதுன்னு செடிக்கே ஊத்தியிருந்தாங்க. போர் தண்ணியில் உப்பு 900 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) இருந்தா அந்தக் கழிவு 1,200-ஐத் தாண்டும். உப்பு பூரா வேரில் தங்குது. அதைத் தரை கழுவ வைங்க. செடிக்கு மழைத்தண்ணி கிடைச்சா நல்லது. 10 லிட்டர் தொட்டின்னா 30 லிட்டர் நல்ல தண்ணியை மெதுவா ஊத்தி அடியில் வடியவிட்டா உப்பு இறங்கும். தட்டில் தேங்கினதைக் கொட்டிடணும், இல்லேன்னா திரும்ப உறிஞ்சிடும்.

ஸ்கார்பரோ

இங்கே கனடாவில் பனிக்காலம் வேற கதை. ஹீட்டர் காத்து நேரா படுற இடத்தில் பச்சை இலையே உதிரும். நவம்பரில் வெளிச்சம் குறைஞ்சதும் தண்ணியைப் பாதியாக்குங்க, உரத்தை நிறுத்துங்க, தெற்கு ஜன்னலுக்கு நகர்த்துங்க. “நேரடி வெயில் ஆகவே ஆகாது”ன்னு எல்லா இடத்திலும் எழுதுறாங்க, இந்த ஊர் டிசம்பர் வெயில் ஒண்ணும் செய்யாது.

மதுரை

நேரடி வெயில் பத்தி ஸ்கார்பரோ சொன்னது சரிதான், பழக்கினா மதுரைக்கும் பொருந்தும். இது மேற்கு ஆப்பிரிக்க மழைக்காட்டில் 12 முதல் 15 மீட்டர் வளர்ற மரம்; நம்ம ஊர்த் தோட்டங்களில் வெட்டவெளியிலேயே நிக்குது. ஹால் மூலையில் இருந்ததை மே மாசம் திடீர்னு மேற்கு வெயிலில் வைக்கிறதுதான் தப்பு. ஒரே மதியத்தில் இலை வெளுத்துத் தீஞ்சிடும். காலை வெயிலில் அரை மணியில் ஆரம்பிச்சு, மூணு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும்.

யாரும் கேட்கலை, ஆனாலும் கிளை விஷயத்தையும் சொல்லிடறேன். ஒத்தைக் குச்சியா நீளுற செடியில் பிப்ரவரி, மார்ச்சில் நுனியைக் கணுவுக்கு 1 செ.மீ. மேல வெட்டினா கீழ ரெண்டு மூணு மொட்டு முளைக்கும். உயரம் குறையக் கூடாதுன்னா, பழுப்பேறின தண்டில் கணுவுக்குச் சற்று மேல, தண்டின் மூணில் ஒரு பங்கு ஆழத்துக்கு பிளேடால கீறுங்க. பச்சைத் தண்டில் கீறாதீங்க. எல்லாக் கீறலும் முளைக்காது, அதனால மூணு நாலு கணுவில் போடுங்க. பால் வடியும், தோலில் பட்டா அரிக்கும். கையுறை போட்டு, தரையில் பேப்பர் விரிச்சுக்கோங்க. வீட்டில் பூனை, நாய் இருந்தா வெட்டின துண்டுகளை உடனே அப்புறப்படுத்துங்க, கடிச்சா வாந்தி எடுக்கும். வெட்டின நுனியைத் தண்ணியில் வேர்விட வைக்கலாம். ஆனா கணு இல்லாத தனி இலையை வைக்காதீங்க. வேர் விடும், மாசக்கணக்கில் பச்சையா நிக்கும், குருத்து மட்டும் வராது.