தொடக்கப் பள்ளிக் கழிப்பறை: கட்டிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் புதுக் கழிப்பறை கட்டப் போகிறோம். ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனியாக. 2009 கல்வி உரிமைச் சட்டமே அப்படித்தான் கேட்கிறது. அதில் சிக்கலில்லை. மேஸ்திரி போட்டுத் தந்த அளவுதான் அப்படியே வீட்டுக் கழிப்பறை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அந்தப் பீங்கானில் காலை அகட்டி உட்காரவே பயப்படும். சாயங்காலம் வரை அடக்கிக்கொள்ளும், அதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடும்.

சின்ன அளவுப் பீங்கான் எங்கே வாங்கினீர்கள்? கை கழுவும் குழாய்களை ஐந்து வயதுக்கும் பத்து வயதுக்கும் எட்டும்படி இரண்டு உயரத்தில் வைக்கலாம் என்று நினைக்கிறேன். எத்தனை அடி சரிவரும்?

தாழ்ப்பாள்தான் பெரிய கவலை. உள்ளே போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் அழும் பிள்ளையை எப்படி வெளியே எடுப்பது? தாழ்ப்பாளே வேண்டாம் என்கிறார்கள் சிலர். எனக்கு ஒப்பவில்லை, ஏழு வயதுக்கும் வெட்கம் உண்டு. வெளியிலிருந்து நாணயம் வைத்துத் திருப்பினால் திறக்கும் வகை இருக்கிறதே, யாராவது போட்டிருக்கிறீர்களா? துரு பிடிக்காமல் ஓடுகிறதா?

சொரசொரப்பு டைல்ஸ், நல்ல வாட்டம், சாய்தளம், செப்டிக் டேங்குக்குப் பிள்ளைகள் அசைக்க முடியாத கான்கிரீட் மூடி எல்லாம் முடிவாகிவிட்டன. அடுத்த வாரம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். அளவோடு படம் இருந்தால் போடுங்கள், மேஸ்திரியிடம் வாயால் சொல்லி மாளவில்லை.