கடலடிக் கேபிளுக்குக் காவலா, இரண்டாவது கேபிளா?

அலைவாய்:
2022 ஜனவரி 15, பசிபிக் தீவு நாடான டோங்காவில் எரிமலை வெடித்தது நினைவிருக்கிறதா? அந்த நாட்டின் இணையத்தையும் தொலைபேசியையும் வெளியுலகத்தோடு சேர்த்தது பிஜிக்குப் போகும் ஒரே ஒரு கடலடிக் கேபிள். அது அறுந்ததும், வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் அப்பா அம்மா உயிரோடு இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாமல் நாள்கணக்கில் தவித்தார்கள். பழுது பார்க்கும் கப்பல் பப்புவா நியூகினியிலிருந்து வந்து சேர்ந்து, இணைப்பு திரும்ப ஐந்து வாரம் ஆனது. உள்நாட்டுத் தீவுகளுக்கான கேபிளைச் சரிசெய்ய ஒன்றரை ஆண்டு ஆனது. கையில் பணம் இருந்தால் முதல் செலவு வேறு தடத்தில் இரண்டாவது கேபிளுக்குத்தான். எரிமலைக்குக் காவல் போட முடியுமா?

கரைக்காவல்:
எரிமலை எப்போதோ ஒருமுறை. அதே டோங்கா கேபிள் 2019 ஜனவரியிலும் அறுந்ததே, அது கப்பல் நங்கூரம் செய்த வேலை. உலகில் ஆண்டுக்கு 150 முதல் 200 பழுதுகள், அதில் முக்கால்வாசி நங்கூரத்தாலும் மீன்வலையாலும் வருபவை. ஆஸ்திரேலியா சிட்னிக்கும் பெர்த்துக்கும் எதிரே பாதுகாப்பு மண்டலம் வைத்து, அதற்குள் நங்கூரம் போடவும் கடலின் அடியில் உரசும் அடிமடி வலை இழுக்கவும் தடை போட்டிருக்கிறது. கையில் இருப்பதைக் காப்பாற்றாமல் இன்னொன்று போட்டு என்ன பயன்?

காசிமேட்டான்:
தடை என்று எழுதுவது சுலபம். எங்கள் குடும்பம் இழுவைப் படகு வைத்திருக்கிறது. சென்னையில் கரையேறும் கேபிள்கள் நாங்கள் தொழில் செய்யும் கடலுக்கு அடியில்தான் கிடக்கின்றன. ஒருமுறை மடி அடியில் எதிலோ மாட்டி, படகின் பின்பக்கம் தண்ணீர் மட்டத்துக்கு அமுங்கிவிட்டது. அப்பா வின்ச்சை நிறுத்தி வயர் ரோப்பை வெட்டிவிட்டார். மடியும் போச்சு, அதை விரித்துப் பிடிக்கும் பலகையும் போச்சு. பாறையா, கேபிளா, இன்றுவரை தெரியாது.

ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 115ஆம் பிரிவைப் படியுங்கள். கேபிளுக்குச் சேதம் வராமல் இருக்க வலையையோ நங்கூரத்தையோ இழந்தவருக்குக் கேபிள் உரிமையாளர் ஈடு தர வேண்டும். 1884 பாரிஸ் உடன்படிக்கையிலேயே இது உண்டு. தடையைப் பற்றி எங்களிடம் பேசியவர்கள் பலர், இதைச் சொன்னவர் ஒருவரும் இல்லை.

கரைக்காவல்:
அந்தப் பிரிவை முழுதாகச் சொல்லுங்கள். நியாயமான முன்னெச்சரிக்கை நடவடிக்கை எடுத்திருந்தால்தான் ஈடு. தடம் தெரிந்தும் அதன் மேல் இழுத்தால் ஒன்றும் கிடைக்காது.

காசிமேட்டான்:
தெரிந்தால்தானே! எங்கள் படகு ஜிபிஎஸ்ஸில் மீன் கிடைக்கும் இடம், கல் இருக்கும் இடம், மூழ்கிய படகு எல்லாம் அப்பா குறித்து வைத்திருக்கிறார். கேபிள் தடம் மட்டும் இல்லை. அதைக் கொடுங்கள், ஒதுங்கிப் போகிறோம். மடி ஒன்றின் விலை தெரிந்தவன் கேபிள் மேல் வேண்டுமென்று இழுக்க மாட்டான்.

கரைக்காவல்:
சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். தடம் முதலில், தடை அப்புறம். ஆனால் தடை வேண்டாம் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

அலைவாய்:
இரண்டு பேரும் கப்பலை மறந்துவிட்டீர்கள். அறுந்த முனைகளைக் கொக்கி போட்டு மேலே தூக்கி ஒட்டுவதற்குச் சில நாள் போதும், கப்பல் வந்து சேரத்தான் வாரக்கணக்காகிறது. இந்தியக் கொடியோடு பழுது பார்க்கும் கப்பல் வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023இல் பரிந்துரைத்தது. இரண்டாவது கேபிளுக்கு அடுத்து என் காசு அந்தக் கப்பலுக்கு.