மறுமொழி: ‘ஹில் ஃபிகர்’ – குன்றுருவா, சுண்ண ஓவியமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

தென் இங்கிலாந்தின் புல்மேட்டுச் சரிவுகளில் வெள்ளை வெளேரென்று கிடக்கும் குதிரைகளுக்கும் மனித உருவங்களுக்கும், ஆங்கிலத்தில் ‘ஹில் ஃபிகர்’ எனப்படுபவற்றுக்கு, தமிழில் ஒரு பொதுப்பெயர் வேண்டும் என்று, தொல்லியல் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துவரும் நண்பர் கேட்டிருந்தார். சுண்ண ஓவியம், நிலவுரு, வரையுரு, குன்றுரு என்று நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நான்கையும் அந்தக் குன்றுகளின்மேல் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம்.

> பாறை ஓவியம் என்கிறோமே, அதைப்போல ‘சுண்ண ஓவியம்’ போதாதா?

போதாது ஐயா. ஓவியம் என்றால் ஒரு பரப்பின்மேல் நிறம் ஏற்றுவது. இங்கே யாரும் நிறம் ஏற்றவில்லை. டவுன்ஸ் எனப்படும் அந்தப் புல்மேடுகளில் மேல்மண் மிக மெல்லியது. புல்லோடு அதை எடுத்துவிட்டால் அடியில் இருக்கும் வெள்ளைப் பாறை வெளியே தெரியும். டைனோசர்கள் இருந்த கிரிட்டேசியஸ் யுகக் கடலில் வாழ்ந்த நுண்பாசிகளின் ஓட்டுத் துகள்கள் அடியில் படிந்து உண்டான மென்பாறை அது. அந்த யுகத்துக்கே இந்தப் பாறையின் இலத்தீன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஓவியம் என்று சொல்வதால் இன்னொரு குழப்பமும் வரும். சாக்பீஸால் தாளில் வரைவதும் சுண்ண ஓவியம்தானே? இந்தக் குன்றுகளை வரைந்த ஓவியர்களைப் பற்றி எழுதும்போது ‘சுண்ண ஓவியத்தைக் காட்டும் நீர்வண்ண ஓவியம்’ என்று எழுத நேரும். வாசிப்பவர் எந்த ஓவியம் எது என்று தேட வேண்டியிருக்கும்.

அந்தப் பாறையின் பெயரைப் பற்றி ஒரு சொல். கட்டுரையின் முதல் வரைவில் அதைச் ‘சுண்ணாம்புக்கல்’ என்று போட்டிருக்கிறது. சுண்ணாம்புக்கல் ஒரு பெருங்குடும்பம். அரியலூர்ச் சுரங்கங்களில் வெட்டுவதும் அதுதான், யுகமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் அரியலூர்க் கல் கெட்டியானது. விரலில் மாவாக ஒட்டும் இந்த மென்பாறைக்கு ‘சீமைச்சுண்ணாம்பு’ என்ற பெயர் நம்மிடம் நெடுநாளாக இருக்கிறது. புதிதாக ஒன்றும் ஆக்க வேண்டாம், அதையே எடுத்துக்கொள்ளலாம். தனியாகச் ‘சுண்ணம்’ என்று மட்டும் எழுதுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. பழைய இலக்கியத்தில் சுண்ணம் என்றால் நறுமணப் பொடி. கூட்டுச்சொல்லில் வந்தால் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆனால் பொதுப்பெயருக்குள் சுண்ணம் வரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. காரணம், இந்த உருவங்களில் சில சீமைச்சுண்ணாம்பே இல்லை. யார்க்‌ஷயரின் கில்பர்ன் குதிரை 1857-இல் வெட்டப்பட்டது. அங்கே அடிப்பாறை வெள்ளை இல்லாததால் சுண்ணாம்பு பூசித்தான் வெளுக்கவைத்தார்கள். ஸ்காட்லாந்தின் மோர்மண்ட் குன்றில் இருக்கும் குதிரைக்கு வெண்ணிறக் குவார்ட்ஸ் கற்கள். கென்ட் பகுதியின் ஃபோக்ஸ்டனில் 2003-இல் முடிந்த குதிரை, பள்ளம் எடுத்துச் சுண்ணாம்புக்கல் பலகைகள் பதித்தது. வெஸ்ட்பரி குதிரையின்மேல் 1950-களில் கான்கிரீட் போட்டு வெள்ளையடித்துவிட்டார்கள். கிழக்கு சசெக்ஸின் வில்மிங்டனில் இரு கைகளிலும் கோல் பிடித்து நிற்கும் மனித உருவத்தின் கோடுகளில் 1874-இல் செங்கல் பதித்தார்கள். 1969-இல் அதை எடுத்துவிட்டுக் கான்கிரீட் கட்டிகள் வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக வார்விக்‌ஷயரின் டைசோ ஊரில் செங்களிமண் சரிவில் ஒரு சிவப்புக் குதிரையே இருந்தது. இப்போது மறைந்துவிட்டாலும், அந்தப் பள்ளத்தாக்குக்கு இன்றும் அதன் பெயர்தான். சிவப்புக் குதிரையைச் ‘சுண்ண’ என்ற அடையோடு எப்படி அழைப்பது?

> ஜியோகிளிஃப் என்பதற்கும் இதற்கும் சேர்த்து ‘நிலவுரு’ எனலாமே?

புவியியலில் நிலவுருவம் என்றால் மலை, சமவெளி, பள்ளத்தாக்கு என நிலம் இயல்பாகக் கொண்ட வடிவம். அந்தச் சொல்லோடு இது மோதும். நிலவின் உரு என்றும் படிக்கலாம். மேலும் ஜியோகிளிஃப் என்பது நிலத்தின்மேல் மனிதர் ஆக்கிய பேருருக்கள் எல்லாவற்றையும் குறிக்கும் விரிந்த வகை. பெருவின் நாஸ்கா கோடுகள் அதில் அடங்கும். அவை பாலைவனத்தில் கருத்த மேற்கற்களை விலக்கி அடியிலுள்ள வெளிர்நிலத்தைக் காட்டியவை, பெரும்பாலும் சமதரையில் கிடப்பவை. அந்த விரிந்த வகைக்கு ‘நிலவரைவு’ என்று வைத்துக்கொண்டு, நம் சொல்லை அதன் கீழ் ஒரு வகையாக வைக்கலாம்.

> வரை என்றால் மலை. வரை என்றால் தீட்டுதல். ‘வரையுரு’ இரண்டையும் தாங்குமே, அண்ணா?

அழகான யோசனை தம்பி, படித்ததும் மனம் துள்ளியது. வரையாடு என்ற பெயரில் அந்தப் பழைய ‘வரை’ இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆனால் வரைபடம், வரைகலை, வரைவு என்று அன்றாடம் புழங்குகிறவர்கள் வரையுருவைக் கணினிப் படம் என்றே எடுத்துக்கொள்வார்கள். சொல்லின் பாதிப் பொருளைப் புலவர்கள் மட்டுமே காண்பார்கள் என்றால் அது கலைச்சொல்லாக நிலைப்பது கடினம். ஆங்கிலத்திலேயே இதற்குச் சான்று உண்டு. வெள்ளைக் குதிரை வெட்டும் கலைக்குக் கிரேக்க வேர்களைக் கோத்து ‘லூசிப்பாட்டமி’ என்று ஒரு பெயர் செய்தார்கள். அதை யாரும் சொல்வதில்லை. ஹில் ஃபிகர் என்ற எளிய இரண்டு சொற்களே நிலைத்தன.

ஆகவே பொதுப்பெயராகக் ‘குன்றுரு’ என்பதை முழு மனதோடு வழிமொழிகிறேன். பொருளும் நிறமும் எதுவானாலும் பொருந்துகிறது. குன்றுதல் என்றால் குறைதல், அதனால் ‘குன்றிய உரு’ என்று படிக்க இடமுண்டே என்று ஒரு மடலில் கேட்கப்பட்டிருந்தது. இடம் உண்டு. ஆனால் குன்றக்குடி, பரங்குன்றம் என்று வாழ்கிற மொழியில் குன்று என்றதும் மலைதான் முதலில் தோன்றும். முதல் முறை வரும்போது ‘குன்றுச்சரிவு உருவங்கள், சுருக்கமாகக் குன்றுருக்கள்’ என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படுவதற்கு வருகிறேன். பொதுப்பெயர் கிடைத்தாலும் கட்டுரை அதோடு நிற்காது. இந்த உருவங்கள் எப்படி உண்டாகின்றன, எப்படி உயிர்தரிக்கின்றன என்ற இரண்டு வினைகளுக்கும் சொல் தேவை. மூலக் கட்டுரையின் உயிர் அந்த இரண்டு வினைகளில்தான் இருக்கிறது.

முதல் வினை, வெட்டுதல். புல்லை மண்ணோடு சேர்த்து மண்வெட்டியால் மேலாகச் சீவி எடுப்பதை நாம் செதுக்குவது என்கிறோம். வரப்புச் செதுக்குவதும் வாசலில் புல் செதுக்குவதும் அதுதான்; சிற்பி கல்லில் செய்வதும் செதுக்குவதுதான். இந்த இரண்டு பொருளும் ஒருங்கே தேவைப்படுகிற இடம் இந்தக் குன்றுகள். ஆகவே புல்லைச் செதுக்கி ஆக்கிய உருவத்துக்குப் ‘புற்செதுக்கு’. பாறைச் செதுக்கு என்ற வழக்கோடு இணையாகவும் நிற்கும்.

> அஃபிங்டன் குதிரை வெறுமனே புல்லைச் செதுக்கியது அல்லவே? அகழ்ந்து நிரப்பியது என்று படித்தேன்.

சரியான கேள்வி அம்மா. ஆக்ஸ்ஃபோர்ட்‌ஷயரின் அஃபிங்டன் குதிரை ஏறத்தாழ 110 மீட்டர் நீளம். கோடுகள் மட்டுமே, கழுத்தும் முதுகும் வாலும் ஒரே வீச்சாக ஓடும், தலை பறவையின் அலகைப் போல இருக்கும். 1990-களில் நடந்த அகழாய்வில், அந்தக் கோடுகள் பள்ளமாக வெட்டப்பட்டு நொறுக்கிய சீமைச்சுண்ணாம்பு இட்டுக் கெட்டிக்கப்பட்டவை என்று தெரிந்தது. மண்துகள் கடைசியாக எப்போது வெயிலைக் கண்டது என்று அளக்கும் ஒளிர்வுக் காலக்கணிப்பு, வெண்கலக் காலத்தின் பிற்பகுதியையோ இரும்புக் காலத்தின் தொடக்கத்தையோ காட்டியது. அதாவது சுமார் 3000 ஆண்டு. அப்படிப்பட்டவற்றுக்கு ‘நிரப்புச் செதுக்கு’ என்ற உட்பிரிவு வைக்கலாம். கல்லோ கான்கிரீட்டோ வைத்தவற்றைப் ‘பதிப்புரு’ எனலாம். மூன்றும் குன்றுருவின் கீழ் வரும்.

இரண்டாவது வினைக்கு ஆங்கிலத்தில் ஸ்கௌரிங் என்பார்கள். ‘சுத்தம் செய்தல்’ என்று வரைவில் இருக்கிறது. அது மிகவும் வெளிறிய சொல். செதுக்கிய கோட்டின் ஓரத்திலிருந்து புல் உள்ளே வந்துகொண்டே இருக்கும், மேலிருந்து மண் வழியும், களை முளைக்கும். கவனிக்க ஆளில்லாமல் போனால் உருவம் மங்கி, காலப்போக்கில் புல்லுக்கு அடியில் போய்விடும். அஃபிங்டன் குதிரை 3000 ஆண்டு நிற்கிறது என்றால், இடைவெளி விடாமல் தலைமுறை தலைமுறையாக யாரோ ஏறிப்போய்க் களை எடுத்து, புதுச் சீமைச்சுண்ணாம்பு இட்டிருக்கிறார்கள் என்று பொருள். மதம் மாறியிருக்கிறது, மொழி மாறியிருக்கிறது, அரசு மாறியிருக்கிறது. இந்த வேலை நிற்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டு வரை அது ஊர்த்திருவிழாவாக நடந்தது. மல்யுத்தமும், செங்குத்துச் சரிவில் பாலாடைக்கட்டியை உருட்டிவிட்டுத் துரத்தும் போட்டியும் உண்டு. இன்று பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் தன்னார்வலர்கள் மண்டியிட்டுச் சுத்தியலால் சீமைச்சுண்ணாம்பை இடித்து இறுக்குகிறார்கள்.

இதற்குத் ‘துலக்கல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். பித்தளைப் பாத்திரத்தைத் துலக்குவது போல, மங்கியதைத் தேய்த்து மீண்டும் பளிச்சென்று ஆக்குவது. துலங்குதல் என்றால் விளங்கித் தெரிதல் என்ற பொருளும் கூடவே வருகிறது. ‘குதிரைத் துலக்கல் விழா’ என்று எழுதினால் விளக்கமே தேவைப்படாது.

துலக்கல் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு டார்செட்டின் சர்ன் ஆபஸ் உருவம் நல்ல எடுத்துக்காட்டு. கையில் தடியோடு நிற்கும் 55 மீட்டர் உயர ஆடையற்ற ஆண். அதைப் பற்றிய முதல் எழுத்துச் சான்று 1694-இல் பழுதுபார்க்கக் கொடுத்த 3 ஷில்லிங் பற்றிய தேவாலயக் கணக்கு. 1617-இல் அந்த நிலத்தை அளந்து பதிந்த ஆவணத்தில் உருவத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அதனால் 17-ஆம் நூற்றாண்டில் யாரோ புதிதாக வெட்டியது என்று பலர் நம்பினார்கள். 2021-இல் வெளியான ஒளிர்வுக் காலக்கணிப்போ கி.பி. 700-க்கும் 1100-க்கும் இடைப்பட்ட காலத்தைக் காட்டியது. நடுவில் நீண்ட காலம் துலக்காமல் விட்டுப் புல் மூடியிருக்கலாம், பின்னர் மீண்டும் துலக்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம். கட்டுரையின் இந்தப் பத்தியைத் ‘துலக்கல்’ இல்லாமல் எழுதிப் பாருங்கள், ஒவ்வொரு வரியிலும் அரை வரி விளக்கம் சேர்க்க வேண்டியிருக்கும்.

துலக்கலுக்கு எதிர்ச்சொல்லும் வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானங்களுக்கு அடையாளமாகிவிடக் கூடாது என்று அஃபிங்டன் குதிரையை மூடினார்கள். வில்மிங்டன் உருவத்துக்குப் பச்சை வண்ணம் அடித்தார்கள். இதற்கு ‘மறைப்பு’ என்றே எழுதலாம்.

கட்டுரையில் வரும் ஓவியப் பகுதி பற்றிச் சுருக்கமாக. ஆங்கில ஓவியர் எரிக் ரவிலியஸ் போருக்குச் சற்று முன் 1939-இல் குன்றுருக்களை வரிசையாக வரைந்தார். வில்மிங்டனுக்கு அருகிலுள்ள ஈஸ்ட்போர்னில் வளர்ந்தவர். வில்மிங்டன் உருவத்தை அவர் காட்டும்போது முன்னால் முள்வேலிக் கம்பங்கள் நிற்கின்றன. இன்னொரு படத்தில் மூன்றாம் வகுப்பு ரயில்பெட்டியின் சன்னல் வழியே வெஸ்ட்பரி குதிரை சிறிதாகத் தெரிகிறது. ஆளில்லாத இருக்கைகளுக்குத்தான் படத்தில் பெரும்பங்கு. நீர்வண்ணத்தில் வெள்ளை நிறத்தைப் பூசுவதைவிடத் தாளின் வெண்மையை அப்படியே விட்டுவைப்பது அவர் முறை. குன்றில் மண்ணை நீக்கி வெள்ளையைக் காட்டிய கைகளுக்கு மிக அருகில் வரும் முறை என்பதால் அதைச் சொல்லும் வாக்கியத்தை மொழிபெயர்ப்பில் விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். போர்க்கால ஓவியராகப் போன அவர் 1942-இல் ஐஸ்லாந்து அருகே விமானத்தோடு காணாமல்போனார். இன்னோர் ஆங்கில ஓவியரான பால் நாஷ், அஃபிங்டன் குதிரையை மிக நெருங்கிப் புகைப்படம் எடுத்தவர். அவற்றில் குதிரை தெரியாது, சரிவில் வளைந்தோடும் வெள்ளைப் பட்டைகள் மட்டும் தெரியும்.

கடைசியாகத் தனிப்பெயர்கள். சர்ன் ஆபஸ் உருவத்தை ‘அரக்கன்’ என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. அரக்கன் என்றால் தீயவன் என்ற நிறம் ஒட்டிக்கொள்கிறது. அது ஹெர்குலிஸ் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. ‘சர்ன் ஆபஸ் பேருருவன்’ நடுநிலையாக இருக்கும். வில்மிங்டனில் நிற்பவருக்கு ‘நெடியோன்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். திருமாலின் பெயராக நம் மனத்தில் பதிந்த சொல் அது, ‘நெடுமனிதன்’ போதும். அஃபிங்டனுக்கு ‘வெண்குதிரை’ பற்றி யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை என்று நினைக்கிறேன்.

குன்றுரு, புற்செதுக்கு, துலக்கல் மூன்றையும் குழுவின் சொற்பட்டியலில் ஏற்றலாமா? பதிப்புரு பற்றி எனக்கு இன்னும் நிறைவில்லை. அச்சுப் பதிப்போடு குழம்பும். கல் பதிக்கும் கொத்தனார்கள் வழங்கும் சொல் எதுவும் உங்கள் ஊரில் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்.