மனசுக்குள் "இவன் தேறமாட்டான்"னு நினைச்சாலே மார்க் குறையுமா?

கேள்வி: ஆசிரியர் வாயைத் திறந்து எதுவும் சொல்லலை, மனசுக்குள்ள மட்டும்தான் நினைக்கிறார். அது பையனுக்கு எப்படிப் போய்ச் சேருது?

பதில் 1: 1968இல் உளவியலாளர் ரோசென்தாலும் பள்ளி முதல்வர் ஜேக்கப்சனும் வெளியிட்ட கலிஃபோர்னியா பள்ளி ஆய்வு பிரபலம். குலுக்கல் மாதிரி எடுத்த ஐந்தில் ஒரு பங்கு பிள்ளைகளை "இந்த வருஷம் மேலே வரப்போறவங்க"ன்னு ஆசிரியர்கள்கிட்ட சொன்னாங்க. அந்தப் பிள்ளைகளோட ஐக்யூ (அறிவுத்திறன் மதிப்பெண்) தெளிவா ஏறினது 1, 2ஆம் வகுப்பில்தான். ஆய்வு முறை மேல விமர்சனமும் உண்டு, மந்திரம்னு எடுத்துக்காதீங்க.

பதில் 2: விஷயம் நொடிக்கணக்கில் இருக்கு. முதல் பெஞ்சுக்காரன் தடுமாறினா காத்திருந்து எடுத்துக் கொடுப்போம். கடைசி பெஞ்சுக்கு "சரி உட்காரு, அடுத்து". அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ அளந்தப்போ, கேள்வி கேட்டுட்டு ஆசிரியர்கள் சராசரியா 1 நொடிதான் காத்திருந்தாங்க. 3 நொடி ஆக்கினதும் பிள்ளைகளோட பதில் நீண்டது.

அதனால முதல்ல கேள்வியைக் கேளுங்க, மனசுக்குள்ள நாலு எண்ணிட்டு அப்புறம் பேர் சொல்லுங்க. ஒவ்வொருத்தர் பேரையும் ஒரு ஐஸ் குச்சியில் எழுதி டப்பாவில் போட்டு எடுங்க. எடுத்த குச்சியை மறுபடி உள்ளே போடணும், இல்லைன்னா முடிச்சவன் தூங்கிடுவான்!

பதில் 3: விடைத்தாளும் அப்படித்தான். பேர் பக்கத்தை மடிச்சிட்டு, எல்லார் தாளிலும் 1ஆம் கேள்வி, பிறகு 2ஆம் கேள்வின்னு திருத்துங்க. கையெழுத்து காட்டிக்கொடுக்கும்தான், இருந்தாலும் ஒருத்தரோட முந்தின பதிலைப் பார்த்து வந்த அபிப்பிராயம் அடுத்த பதிலில் ஒட்டாது.